தோலா, எலும்பா? – ஒரு முதல் காரும் கொஞ்சம் சரித்திரமும்

போன ஐப்பசி மழையில, ராத்திரி எட்டு மணி இருக்கும், அக்கா பொண்ணு போன் பண்ணினாள். "மாமா, வண்டிய இடிச்சுட்டேன்." அதுக்கு மேல பேச்சு வரலை, அழுகைதான் வந்துச்சு. உனக்கு என்ன ஆச்சுன்னு நாலு தடவை கேட்ட பிறகு, "எனக்கு ஒண்ணுமில்ல, பெல்ட் போட்டிருந்தேன். வண்டிதான்..."

சிங்காநல்லூர் பக்கம் முன்னாடி போன லாரி திடீர்னு நின்னிருக்கு. இவள் பிரேக் அடிச்சும் ஈர ரோட்டுல வண்டி வழுக்கிக்கிட்டே போய் லாரிக்கு அடியில இடது மூக்கை நுழைச்சிருச்சு. லாரிக்கு ஒரு கீறல்கூட இல்லை. அது பாட்டுக்குப் போயிருச்சு. இவளோட 2012 மாடல் மாருதி 800க்கு இடது ஃபெண்டர், ஹெட்லைட், பானெட், பம்பர், ரேடியேட்டர் எல்லாம் காலி.

லைசென்ஸ் வாங்கி மூணே மாசம். வேலைக்குப் போய் சேர்த்த காசுல, வீட்டுல ஒரு ரூபா வாங்காம, 78,000 ரூபாய்க்கு வாங்கின வண்டி. இன்சூரன்ஸ் மூணாம் நபருக்கு மட்டும்தான். அதாவது இடிபட்ட லாரிக்கு உண்டு, இடிச்ச 800க்குக் கிடையாது.

மறுநாள் வீட்டுல பஞ்சாயத்து கூடுச்சு. அக்கா, "ராசியில்லாத வண்டி, வந்த விலைக்குத் தள்ளிவிடு" என்றாள். அக்கா வீட்டுக்காரர் கால்குலேட்டரோட உட்கார்ந்துட்டார். பெரிய ஒர்க்‌ஷாப்புல சொன்ன எஸ்டிமேட் 46,000. அப்படியே விட்டா பழைய இரும்புக்காரர் 20,000 தருவார். ஆர்.சி. 2027ல முடியுது. "எழுபத்தெட்டாயிரம் வண்டிக்கு நாப்பத்தாறாயிரம் செலவு பண்றவன் முட்டாள்" என்றார். பொண்ணு ஒண்ணும் பேசலை, சுவத்தையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு அப்போ தோணினது வேற. இந்தக் கேள்வி, "ரிப்பேர் பண்ணலாமா, வேண்டாமா?"ங்கிற கேள்வி, எங்க வீட்டுல 1981ல எழவே இல்லையே? ஏன் எழலை? (இனி கொசுவத்தி சுத்தப் போறேன். அவசரமா இருக்கிறவங்க கடைசிக்குப் போயிடலாம். ஆனா நடுவுலதான் சரக்கு இருக்கு.)

புளிய மரமும் ஹெரால்டும்

அப்பா 1979ல ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு வாங்கினார். நாலாவது கையோ அஞ்சாவது கையோ. அவருக்கும் அது முதல் கார்தான். 1981ல பொள்ளாச்சியில இருந்து உடுமலைப்பேட்டை போற வழியில ஒரு புளிய மரத்துல கொண்டு போய் சாத்தினார். (மாடு குறுக்கே வந்துச்சுன்னு கடைசி வரைக்கும் சொன்னார். மாட்டைப் பார்த்த சாட்சி யாரும் இல்லை.)

அன்னைக்கு வீட்டுல ஒருத்தரும் கால்குலேட்டர் எடுக்கலை. அம்மாவோட ஒரு ஜோடி வளையல் அடகுக்குப் போச்சு. டிங்கர் வந்தார். மூணு வாரம் தட்டினார். வண்டி திரும்ப ஓடுச்சு. அவ்வளவுதான்.

அந்த வண்டியைப் பத்தி ரெண்டு வரி. ஹெரால்டு, இங்கிலாந்து ட்ரையம்ஃப் கம்பெனியோட டிசைன். வரைஞ்சவர் மிக்கெலோட்டிங்கிற இத்தாலிக்காரர். மெட்ராஸ் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961ல இருந்து இங்கே தயாரிச்சது. அதுக்குச் சேஸிஸ் தனி, பாடி தனி. பாடியையும் துண்டு துண்டா போல்ட் போட்டுத்தான் முடுக்கியிருப்பாங்க. பானெட்டும் ரெண்டு பக்க ஃபெண்டரும் ஒரே துண்டா, முதலை வாயைத் திறக்கிற மாதிரி முன்பக்கமா தூக்கிக்கும். அடிபட்ட துண்டைக் கழட்டி மரத்தடியில வெச்சுத் தட்டலாம். ரிப்பேர் பண்றதுக்குன்னே பொறந்த வண்டி.

ஆனா நாங்க ரிப்பேர் பண்ணினதுக்கு அது மட்டும் காரணமில்லை. வேற வழியே இல்லைங்கிறதுதான் நிஜக் காரணம்.

கார் கிடைக்காத காலம்

சுதந்திரத்துக்கு முன்னாடி ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் உதிரிபாகங்களைக் கப்பல்ல கொண்டுவந்து இங்கே பூட்டி வித்துக்கிட்டு இருந்தாங்க. 1953ல டாரிஃப் கமிஷன் அறிக்கைக்குப் பிறகு, "இங்கேயே தயாரிக்கிற திட்டம் இருந்தா இரு, இல்லேன்னா கிளம்பு"ன்னு அரசாங்கம் சொல்லிருச்சு. ரெண்டு பேரும் மூட்டை கட்டினாங்க. கார் வாங்கப் போனா மிஞ்சினது முக்கியமா மூணே பேர். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவுல அம்பாசடர் செஞ்ச இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில ஃபியட் செஞ்ச பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், அப்புறம் நம்ம மெட்ராஸ் ஸ்டாண்டர்டு.

எத்தனை கார் செய்யணும்னு லைசென்ஸ். என்ன விலைக்கு விக்கணும்னு கட்டுப்பாடு. 1959ல கார் வினியோகத்துக்கும் விற்பனைக்கும்னே தனியா ஒரு கட்டுப்பாட்டு உத்தரவு வந்துச்சு. 1970களோட தொடக்கத்துல கார் விலையை யார் முடிவு பண்றதுங்கிற சண்டை சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. ஃபியட்டுக்குப் பதிஞ்சு வெச்சுட்டு வருஷக்கணக்கா காத்திருந்தவங்க உண்டு. வினோதம் என்னன்னா, கைக்கு வந்த வண்டியை அப்படியே வித்தா வாங்கின விலையைவிட அதிகமா கிடைக்கும். புதுசைவிடப் பழசு விலை ஜாஸ்தி!

இப்போ யோசிச்சுப் பாருங்க. வண்டியோட மதிப்பு குறையாத ஊர்ல, அடுத்த வண்டி எப்போ கிடைக்கும்னு தெரியாத காலத்துல, அடிபட்ட காரை ரிப்பேர் பண்ணலாமான்னு எவன் கேட்பான்? கூலியும் குறைவு. கோயமுத்தூர் மாதிரி ஊர்ல தெருவுக்கு ஒரு லேத்து. கிடைக்காத பாகத்தைக் கடைஞ்சே எடுத்துருவாங்க. நம்ம பெரியவங்க எதையும் தூக்கிப் போட மாட்டாங்கன்னு பெருமையா சொல்றோம். அதுல பாதி குணம், மீதிப் பாதி பஞ்சம்.

கணக்கு வந்த கதை

அப்போ அக்கா வீட்டுக்காரர் போட்ட கணக்கு எங்கேயிருந்து வந்துச்சு? இன்சூரன்ஸ்ல இருந்து.

மோட்டார் வாகனச் சட்டம் 1939லயே வந்தாலும், மூணாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம்ங்கிற அத்தியாயம் அமலுக்கு வந்தது 1946ல. அது அடுத்தவனுக்கு அடிபட்டா காப்பாத்துறதுக்கு. சொந்த வண்டிச் சேதத்துக்கு எடுக்கிற பாலிசியில வண்டிக்கு இன்ன விலைன்னு ஒண்ணு போட்டாகணும். 2002ல வந்த மோட்டார் டாரிஃப் இதை ஒழுங்குபடுத்தி ஐ.டி.வி.ன்னு ஒரு பேர் வெச்சது. கம்பெனி சொல்ற புது வண்டி விலையில ஆறு மாசத்துக்குள்ள 5 சதவீதம் கழிவு, ஒரு வருஷத்துக்குள்ள 15, ரெண்டாவது வருஷம் 20, அப்படியே ஏறி அஞ்சாவது வருஷம் 50. அதுக்கு மேல வயசான வண்டிக்கு ரெண்டு தரப்பும் பேசி முடிவு பண்ற விலை.

அந்த டாரிஃப்லதான் இந்தக் கோடும் இருக்கு: ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில 75 சதவீதத்தைத் தாண்டினா வண்டி 'டோட்டல் லாஸ்' கணக்கு. சீட்டை வாங்கிக்கிட்டு வண்டியை விட்டுற வேண்டியதுதான். சரி பண்ணினாலும் முழுக் காசும் வராது. பிளாஸ்டிக், ரப்பர் சாமானுக்கு வயசு எதுவானாலும் பாதிதான் கிடைக்கும். பத்து வருஷம் தாண்டின வண்டின்னா இரும்புக்கும் பாதிதான்.

பணம் கொடுக்கிற கம்பெனிக்கு இந்த 75 நியாயமான கோடுதான். ஆனா பாலிசியே இல்லாதவங்ககூட இன்னைக்கு மனசுக்குள்ள அந்தக் கோட்டைத்தான் போட்டுப் பார்க்கிறாங்க. அது கம்பெனி தன் நஷ்டத்தை அளக்கப் போட்ட கோடு. அடுத்து நீங்க எதுல போவீங்க, அதுக்கு எவ்வளவு ஆகும்னு அது கேட்கவே கேட்காது.

மாருதி மாத்தின விஷயம்

1983 டிசம்பர் 14. முதல் மாருதி 800ஓட சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி, ஹர்பால் சிங்ங்கிற இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியர் கையில கொடுத்தார். குலுக்கல்ல விழுந்த அதிர்ஷ்டம். தன்னோட ஃபியட்டை வித்துட்டு அவர் இந்த வண்டியை எடுத்ததா சொல்வாங்க. விலை ஐம்பதாயிரத்தை ஒட்டி. அதுக்கு முன்னாடியே ஒரு லட்சம் பேருக்கு மேல பணம் கட்டிக் காத்திருந்தாங்க.

மூணு சிலிண்டர், 796 சிசி. கனம் அம்பாசடரோட ஒப்பிட்டா கிட்டத்தட்ட பாதி. இதுல சேஸிஸ்னு தனியா எதுவும் கிடையாது. மடிச்சு வெல்டு வெச்ச தகடுதான் கூடு, கூடுதான் எலும்பு. (அம்பாசடரும் அந்த ஜாதிதான். ஆனா அதோட தகடு தடிமன், சுத்தியலுக்குப் பழகினது.) மெலிசான தகட்டைத் தட்டித் தட்டி நிமிர்த்தினா நீண்டு போகும், பழைய உருவத்துக்கு வராது. அதனால 'தட்டாதே, மாத்து'ங்கிற புதுப் பழக்கம் வந்துச்சு. பழைய டிங்கர்கள் முனகினாங்க. ஆனா பாகம் கடையில கிடைச்சது, விலை அச்சடிச்சு இருந்தது, மூணு வாரம் ஆன வேலை மூணு நாள்ல முடிஞ்சது.

1991க்குப் பிறகு மத்த கம்பெனிகளும் வந்து கார் மலிய மலிய, பழைய 800 விலை இறங்கிக்கிட்டே வந்து, கடைசியில 'பழகுறதுக்கு ஒரு வண்டி'ன்னு ஆச்சு. 2010ல பெரிய நகரங்கள்ல பி.எஸ். 4 விதி வந்தப்போ அங்கெல்லாம் 800 விக்கிறது நின்னுச்சு. பட்டியல்ல கோயமுத்தூர் இல்லாததால இங்கே தொடர்ந்து வித்தாங்க. பொண்ணோட வண்டி 2012 மாடலா இருக்கிறது அதனாலதான். 2014 ஜனவரி 18ல உற்பத்தியே நின்னுச்சு. அதே வருஷம் மே மாசம் அம்பாசடரும். அப்பா காலமும் என் காலமும் ஒரே வருஷத்துல முடிஞ்ச மாதிரி.

ஆக, கார் மலிஞ்ச பிறகுதான் 'ரிப்பேர் பண்ணலாமா'ங்கிற கேள்வியே பொறந்துச்சு. வண்டி விலை இறங்க, கூலியும் பெயின்ட்டும் ஏற, ரெண்டு கோடும் ஒண்ணையொண்ணு வெட்டுற இடத்துல அந்தக் கேள்வி நிக்குது. சட்டமும் பக்கத்துல வந்து நிக்குது. 1988 சட்டப்படி சொந்தக் காரோட ரிஜிஸ்ட்ரேஷன் 15 வருஷம். அதுக்கு மேல தகுதிச் சான்று வாங்கி அஞ்சஞ்சு வருஷமா நீட்டிக்கலாம். அந்தக் கட்டணம் 600 ரூபாயா இருந்தது, 2022 ஏப்ரல்ல இருந்து 5,000 ஆச்சு. 78,000 ரூபாய் வண்டிக்கு அஞ்சாயிரம் விளையாட்டு இல்லை. ஆனா 15 வருஷம் ஆனா வண்டியை நசுக்கியே ஆகணும்னு சிலர் நினைக்கிறாங்க, அது நம்ம ஊர்ல தனியார் காருக்குப் பொருந்தாது. டெல்லி கதை வேற.

எங்க அப்பா பண்ணின தப்பு

இதுவரைக்கும் படிச்சுட்டு, "ஆக பழைய ஆளு, ரிப்பேர் கட்சி"ன்னு முடிவு பண்ணிடாதீங்க. ஹெரால்டு கதையில ஒரு மிச்சம் இருக்கு.

மூணு வாரம் தட்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடிச்சு வந்த வண்டி கண்ணாடி மாதிரி மின்னுச்சு. ஊரே பாராட்டுச்சு. ஆனா அன்னையில இருந்து அது இடது பக்கமா இழுத்துக்கிட்டே இருந்துச்சு. மரத்துல மோதினதுல சேஸிஸ் லேசா வளைஞ்சிருக்கு. அதை யாரும் பார்க்கலை, பார்த்திருந்தாலும் காசு பெயின்ட்டுக்கே தீர்ந்திருக்கும். அடுத்த ஆறு வருஷம் அப்பா ஸ்டியரிங்கை வலது பக்கமா முறுக்கிப் பிடிச்சுக்கிட்டே ஓட்டினார். பின் சீட்டுல நாங்க மூணு பேர். பெல்ட் கிடையாது. யாருக்கும் ஒண்ணும் ஆகலை, அது சாமி புண்ணியம்.

அதாவது, தோலைச் சரி பண்ணிட்டு எலும்பை விட்டுட்டோம்.

நம்ம விஷயத்துல இதுதான் எனக்குப் பெருசா பட்டுச்சு. 800ல ஏர்பேக் இல்லை. இங்கே புது கார்கள்ல டிரைவர் ஏர்பேக் கட்டாயமானதே 2019 ஜூலையிலதான். இருக்கிற ஒரே பாதுகாப்பு அந்தக் கூடும் பெல்ட்டும். கூடு நெளிஞ்சிருந்தா 46,000 என்ன, நாலாயிரத்துக்கு முடிச்சுத் தந்தாலும் அந்த வண்டி வேண்டாம்.

டிங்கர் கடையில

தெரிஞ்ச டிங்கர் ஒருத்தர்கிட்ட வண்டியைக் கட்டி இழுத்துக்கிட்டுப் போனோம். அறுபது வயசு இருக்கும். எஸ்டிமேட் கேட்டேன். "இருங்க சாமி, மொதல்ல எலும்பு ஒடஞ்சிருக்கான்னு பாக்கலாமுங்"ன்னார். பம்பரையும் ஃபெண்டரையும் கழட்டினார். டேப்பை எடுத்து, இடது ஸ்ட்ரட் உட்கார்ற இடத்துல இருந்து வலது முன்மூலைக்குக் குறுக்கே ஒரு அளவு, வலதுல இருந்து இடதுக்கு ஒரு அளவு. ரெண்டும் சமமா இருக்கணும். அரை இஞ்ச் வித்தியாசம். நாலு கதவையும் திறந்து மூடினார். இடுக்கு எல்லாம் ஒரே சீர். கண்ணாடிக்குக் கீழ, தரையில, வெல்டு ஏதும் விட்டிருக்கான்னு விரலால தடவிப் பார்த்தார்.

"ஸ்ட்ரட் எடம் அசையலீங்க. அதுக்கு முன்னால ஏப்ரன் மூலைதான் மடங்கியிருக்கு. செயின் போட்டு இழுத்தா வந்துரும். மத்ததெல்லாம் தோலுங்."

பொண்ணு அப்பதான் முதல் தடவையா வாயைத் திறந்தாள். "தோலை அப்புறம் பார்த்துக்கலாமா?"

நான் ரெண்டு நாளா சரித்திரம் எல்லாம் போட்டுக் குழப்பிக்கிட்டு இருந்த விஷயத்தை அவள் நாலு வார்த்தையில முடிச்சுட்டாள். ரிப்பேரா இல்லையாங்கிறது கேள்வியே இல்லை. எதை ரிப்பேர் பண்றதுங்கிறதுதான்.

ரேடியேட்டர் புதுசு. ஏப்ரன் இழுத்து நேராக்கி, குறுக்களவு மறுபடி பார்த்து, வீல் அலைன்மெண்ட். முன்சீட் பெல்ட் புதுசு (ஒரு தடவை பலமா இழுபட்ட பெல்ட்டை மறுபடி நம்பக்கூடாது). ஹெட்லைட்டும் ஃபெண்டரும் உக்கடத்துல பழசு. பானெட்டைப் பூட்டு சரியா விழுற அளவுக்குத் தட்டினது போதும். பெயின்ட், பட்டி எதுவும் கிடையாது, துருப் பிடிக்காம இருக்க பிரைமர் மட்டும். மொத்தம் 19,300.

கணக்குப் புலிகளுக்கு: 20,000க்கு இரும்புக்குப் போற வண்டி, 19,300 போட்ட பிறகு யார் கேட்டாலும் அறுபதுக்குக் குறையாது. 46,000 போட்டிருந்தாலும் அதே அறுபத்துச் சொச்சம்தான். மீதி முழுக்கப் பளபளப்புக்கான விலை. அக்கா வீட்டுக்காரர் பெரிய ஒர்க்‌ஷாப் கணக்கை வெச்சுச் சொன்னது தப்பே இல்லை. அந்த 46,000க்குள்ள எலும்பு எவ்வளவு, தோல் எவ்வளவுன்னு பிரிச்சுக் கேட்காததுதான் குறை. ஏப்ரனோட ஸ்ட்ரட் இடமும் அசைஞ்சிருந்தா அவர் சொன்னதைத்தான் நானும் சொல்லியிருப்பேன்.

முதல் 800க்கு என்ன ஆச்சு?

ஹர்பால் சிங் தன்னோட 800ஐ கடைசி வரைக்கும் விக்கலை. 2010ல அவர் போன பிறகு அந்த வண்டி டெல்லியில வீட்டு வாசல்ல துருப்பிடிச்சு நின்னுச்சு. டி.ஐ.ஏ. 6479. அந்தப் படங்களை உங்கள்ல சிலர் இணையத்துல பார்த்திருப்பீங்க. அப்புறம் கம்பெனியே எடுத்துப் புதுசு மாதிரி சரி பண்ணி, 2022ல தலைமை அலுவலகத்துல காட்சிக்கு வெச்சிருச்சு. எந்த ஐ.டி.வி. கணக்குலயும் தேறாத வண்டி. ஆனா தோல், எலும்பு எல்லாம் சரி பண்ணின அந்த வண்டி ரோட்டுல ஓடப் போறதில்லை.

எங்க பொண்ணோட வண்டி நேர் எதிர். ஃபெண்டர் ஒரு வெள்ளை, கதவு இன்னொரு வெள்ளை, பானெட்டுல சாம்பல் நிறத் திட்டு. பார்க்கச் சகிக்காது. வண்டி வந்த அன்னைக்கு ஓட்ட மாட்டேன்னு சாவியை என்கிட்ட நீட்டினாள். நான் வாங்கலை, பக்கத்து சீட்டுல போய் உட்கார்ந்துக்கிட்டேன். பத்து நிமிஷம் கழிச்சு ஸ்டார்ட் பண்ணினாள். சிங்காநல்லூர் சிக்னல் கிட்ட முன்னாடி ஒரு லாரி. இவள் ரெண்டு கார் இடைவெளி விட்டு நிறுத்தினாள். பின்னாடி எவனோ ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தான். அவள் நகரவே இல்லை.

நான் ஓரக்கண்ணால ஸ்டியரிங்கைத்தான் பார்த்தேன். நேரா இருந்துச்சு.

டிஸ்கி: உங்க முதல் வண்டி முதல் அடி வாங்கினப்போ என்ன பண்ணினீங்க? பின்னூட்டத்துல சொல்லுங்க. மாடு குறுக்கே வந்த கதைகளுக்கு முன்னுரிமை உண்டு.